நாட்கூலிக்கு மொழிபெயர்ப்பவன்

ஒன்பது மணிக் கூட்டம்
பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது.
ஆல்பர்ட் ஏரிக் காற்று
கூடாரத்தின் ஒரே மூலையை அடித்துக்கொண்டிருந்தது.
வலப்பக்கம் தலைக்கவசங்கள், தண்ணீர் பாட்டில்கள்.
இடப்பக்கம் என் ஊர்.
நடுவில் நான், நாளொன்றுக்கு இவ்வளவு என்று.

"நீடித்த வட்டார வளர்ச்சி" என்றார் அதிகாரி.
ஒரே மூச்சில் மூன்று சொல்.
லுகுங்குவில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.
வளர்ச்சி உண்டு:
கன்றுக்கு, பிள்ளைக்கு, கழுத்துக் கட்டிக்கு.
வட்டாரம், மாடு மேய்ந்து
இருட்டுமுன் திரும்பும் தூரம்.
நீடித்த என்பதற்கு
மழை விட்ட பிறகும் மண்ணில் கிடக்கும் ஈரத்தைச் சொன்னேன்.
கூட்டம் கைதட்டியது.
அதிகாரிக்கும் சந்தோஷம்.
அவர் சொன்னதைவிட
அழகாகச் சொல்லிவிட்டேனோ என்று
எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

கியோமுஹெந்தோ எழுந்தாள்.
"உங்கள் எண்ணெய் மெழுகாய் உறைகிற ஜாதியாம்.
கடல் மட்டும் குழாயைச் சூடாக்கிக்கொண்டே போவீர்களாம்.
போங்கள்.
என் அடுப்பு போகிற வழியில்தான் இருக்கிறது."
நான் சொன்னேன்:
"உள்ளூர் எரிபொருள் வசதி குறித்து
ஒரு பெண்மணி அறிய விரும்புகிறார்."
"குறித்துக்கொண்டோம்."
"எழுதிக்கொண்டார்கள்" என்றேன் இந்தப் பக்கம்.

கியாலிகொன்சாவின் மாமரங்களுக்கு
வெள்ளைச் சாயத்தில் எண் போட்டிருந்தார்கள்.
குறித்த தேதிக்குப் பின்
நீண்டநாள் பயிர் எதுவும் நடக்கூடாது.
பணம் வர மூன்று வருடம்.
அதுவரை மரவள்ளி, மறுபடி மரவள்ளி.
"நாலாம் நம்பர் மட்டும்
காசு வாங்கிய பிறகும் காய்க்கிறதே,
அதற்கு யார் புத்தி சொல்வது?"
ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.
ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார் அதிகாரி.
மாம்பழம் பற்றி, என்றேன்.

சாலையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.
நள்ளிரவில் தங்கைக்கு வலி கண்டது.
ஹொய்மா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகுதான்
குழந்தை பிறந்தது.
முந்தையது லாரியில் பிறந்தது.
அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பூசிங்கே பற்றவைப்புச் சான்றிதழை
பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான்.
குழாயில் எட்டு மாதம் வேலை.
இப்போது நஷ்டஈட்டுப் பணத்தில் எழும் வீடுகளுக்கு
ஜன்னல் கம்பி அடிக்கிறான்.
திருடர்கள் புதிதாக வந்திருக்கிறார்கள், அண்ணா,
தொழில் பரவாயில்லை என்கிறான்.
அறிக்கையில் அவன் புகைப்படம் வருமாம்.
வரட்டும். அவன் சாப்பிடுகிறான்.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டு
கூலி வாங்கினேன்.
வழியில் ஒரு மூட்டை அடுப்புக்கரி.
விற்றவள் கியோமுஹெந்தோ.
"நான் கேட்டதற்கு என்னதான் சொன்னார்கள்?"
"எழுதிக்கொண்டார்கள்."
"ம்" என்று சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள்.

வீட்டில் பிரித்தால்
மூட்டையில் பாதி தூள்.