காலனி 17

செம்மண்டலம் ஆய்வுக்கூடத்தில் முதல் நாள்
"காலனியை எண்ணி எழுதும்மா" என்றார்கள்.
சட்டென்று நிமிர்ந்தேன்.
தட்டில் வட்டம் வட்டமாகப் பூஞ்சை.
அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு,
இடையிடையே வெள்ளைத் திட்டு,
புளித்த சாராய வாடை.
செவ்வழுகல்.
நெல்லிக்குப்பம் ஆலை வண்டிகளின் பின்னால் ஓடி வளர்ந்தவளுக்கு
மூக்கே போதும்.

கலியபெருமாள் கொண்டுவந்த கழியில் மட்டும்
நோய் மூன்றாம் கணுவரை ஏறி
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
சுற்றிலும் எல்லாம் காய்ந்தது, இது பச்சை.
அதிலிருந்து எடுத்ததுதான் பதினேழு:
விளிம்பு கிழிந்து, வெளிறி,
பத்து நாளாகியும் பாதித் தட்டைத் தாண்டாத சோம்பல்.

பூஞ்சைக்கே காய்ச்சல் என்றார் பிரிசில்லா மேடம்.
ஜெல்லில் ஒரே ஒரு கோடு ஒளிர்ந்தது.
வைரஸாம். ஆர்.என்.ஏ.
மேலே சட்டை கிடையாது, உறை கிடையாது.
பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்
ஒண்டுக்குடித்தனம்.
மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்து;
பணி நிரந்தரம் கேட்டு நான் போட்ட மனு அதைவிட நீளம்.
அதில் எழுதியிருப்பதும் ஒன்றே:
இதைப் பார்த்து இன்னொன்று எழுது.

காற்றில் பறக்காது, தும்மலில் தொற்றாது.
வித்துக்கு வித்து இறங்கும்.
இல்லையென்றால்
இழையும் இழையும் தொட்டு, சுவர் கரைந்து,
உள்ளிருப்பது ஒன்றாக ஓடவேண்டும்.
அப்போதுதான் அந்தப் பக்கம் போகும்.

பதினேழையும் நாலையும் ஒரே தட்டில் வைத்தோம்.
நாலு முரடு. தோட்டத்தையே தின்றது.
ஒரு வாரம் நெருங்கி நெருங்கி வந்து
தொட்ட இடத்தில் இரண்டுமே செத்து
நடுவே கறுப்பாக ஒரு கோடு.
"வகை சேரவில்லை" என்று குறித்துக்கொண்டார் மேடம்.
நான் மேசையில் இல்லாத கறையைத் துடைத்தேன்.
எங்கள் தெருமுனையில் தார் நின்றுபோகும் இடம்
மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

கலியபெருமாள் போனில் கேட்டார்:
"நல்ல கிருமியா, கெட்ட கிருமியா?"
"கரும்பைக் கேட்டா நல்லது, பூஞ்சையைக் கேட்டா கெட்டது."
"அது கிடக்கு, எந்தக் கடையில கிடைக்கும்?"

நேற்றிரவு கெடிலத்தில் வெள்ளம். கரண்ட் இல்லை.
அஞ்சலாட்சி துறைமுகம் போய்
மீன்பெட்டியோடு ஐஸ் வாங்கிவந்தாள்.
வஞ்சிரம் நாறும் ஐஸில் பதினேழைப் புதைத்தோம்.

காலையில் மேசைமேல் இன்னொரு தட்டு, மறந்தே போனது:
பதினேழும் ஒன்பதும்.
கோடு இல்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
இல்லை.
ஒன்பதின் விளிம்பு ஒரு பக்கம்
கிழியத் தொடங்கியிருக்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்:
காலனிகள் சேர்ந்தன.
எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.