வழக்கமாக ஓட்டுபவர்

"வழக்கமாக ஓட்டுபவர் யார்?"
போனில் லுங்கெலோ கேட்டான்.
அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது.

உன் பேரைச் சொல்லு,
நாற்பத்தாறு வயசு, நர்ஸ், வண்டியில் ஒரு கீறல் கிடையாது,
பாதிக் காசில் முடிந்துவிடும்
என்று நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார் தனபாலன் அண்ணன்.
சாட்ஸ்வர்த்தில் எல்லாரும் அப்படித்தானாம்.
அவர் மகன் ஹிக்கின்சன் சாலையில் சுவரை இடித்த அன்று
கம்பெனி இதே கேள்வியை இன்னொரு முறை கேட்டது,
பதிலைக் கேட்டபின் ஒரு ராண்டும் தரவில்லை.
அதை அண்ணன் சொல்லவில்லை.
அண்ணி சொன்னாள், காய்கறிக் கடையில்,
வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி.

அடுப்பை அணைத்தேன்.
"என் மகன். கிவேஷன். பதினெட்டு.
லைசென்ஸ் வாங்கிப் பன்னிரண்டு நாள்."

தட்டச்சுச் சத்தம்.
பிறகு தொகை.
தொகைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை,
துக்கம் விசாரிக்கப் போன இடம் மாதிரி.

"ஒரு பெட்டி இருக்கு, மா" என்றான்.
(அவன் மொழியிலும் மா என்றால் மாதான்.)
தீப்பெட்டி அளவு. கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும்.
வேகம், வளைவு, பிரேக்,
ஓடும்போது போனைத் தொடும் விரல்,
எல்லாவற்றையும் எண்ணும்.
ஒழுங்காக ஓட்டினால்
மாதாமாதம் கொஞ்சம் திரும்பி வரும்.

கிவேஷன் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் முப்பது இருக்கும்,
அதில் ஒன்றைச் செலவழித்தான்.

ஐஸ்பெட்டிக் கதவில் ஒப்பந்தம் ஒட்டினோம்.
கூட்டாளி ஒருவன் போதும், மூன்று பேரை அடைக்காதே.
முதல் மழையில் என் டூவில் ஏறாதே, தார் வழுக்கும்.
கரண்ட் போய் ரோபோ செத்துக் கிடந்தால்
அது நாலு பக்கமும் நின்று போகும் சந்தி:
டாக்ஸிக்காரன் நிற்க மாட்டான். நீ நில்.
பதினொரு மணிக்குமேல் சாவி என் கைப்பையில்.
கடைசி வரியை அவன் எழுதினான்:
எங்கிருந்து கூப்பிட்டாலும் வந்து கூட்டிப்போகணும்,
கேள்வி கேட்காமல்.
இரண்டு கையெழுத்து.

மாத முடிவில் மதிப்பெண் வந்தது.
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
ஒரு சென்ட் திரும்பவில்லை.

கத்தினேன்.
பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.
பெட்ரோல் காசு, என் இரட்டை ஷிப்ட், என் முட்டிவலி,
எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கத்தினேன்.

அவன் வரைபடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான்.
சிவப்புப் புள்ளிகள்.
காலை ஏழு பதினாறு, கடும் பிரேக்.
காலை ஏழு இருபது, அறுபதுச் சாலையில் எண்பத்தேழு.
காலை ஏழு இருபத்திரண்டு, கடும் பிரேக்.
கோடுகள் எல்லாம்
ஒரே வாசலில் தொடங்கின:
ஆஸ்பத்திரி, ஊழியர் கேட்.

பன்னிரண்டு மணிநேர ராத்திரிக்குப் பிறகு
வண்டி தானாக வீட்டுக்கு வந்துவிடுகிறது
என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
சிரிக்கவில்லை.
"கண்ணை மூடிடறியா, மா?"

பதில் சொல்ல மூன்று நாள் ஆனது.
வியாழன் காலை, ஷூவைக்கூட மாற்றாமல்,
ஒரு சொல் அனுப்பினேன்: வா.

டாக்ஸி பிடித்து வந்து கேட்டில் நின்றான், தலைகூட வாராமல்.
சாவியைக் கொடுத்தேன்.
இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து
பெல்ட்டைத் தேடினேன், அது அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கும்
என்றே தெரியவில்லை.

இரண்டாவது ரோபோ செத்திருந்தது.
கிவேஷன் நிறுத்தினான்.
பின்னாலிருந்த டாக்ஸி ஹாரனை விடவில்லை,
ஜன்னலிலிருந்து ஒரு கை ஏதோ சொன்னது.
அவன் வலம் பார்த்தான், இடம் பார்த்தான்,
ஒரு பள்ளிப் பிள்ளை கடக்கும்வரை நின்றான்,
பிறகும் நின்றான்.

என் வலது கால்
பிரேக் இல்லாத மிதியடியை
அழுத்தி அழுத்தி வைத்திருந்தது.
அதை மட்டும்
மாமியார் எண்ணவில்லை.