மகரக்கட்டு

அந்தப் பதினோரு நொடியைப் பதிவுசெய்தது நான்தான்.
ரைவிஸ் பாடிக்கொண்டிருந்தான்.
இரண்டாம் வரியின் உச்சியில்
ஏணியில் ஒரு படி இல்லாமல் போனதுபோல
குரல் சட்டென்று கீழே விழுந்தது.
வகுப்புக் குழுவில் போட்டேன்.
இருபத்து மூன்று சிரிப்பு முகங்கள்.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
அதற்கு முன் நான் எழுதிய எதற்கும்
இரண்டுக்கு மேல் வந்ததில்லை.

லியெபாயாவில் காற்று எப்போதும் கடலிலிருந்துதான்.
டிராம் நிறுத்தத்தில் தொப்பியைப் பிடித்தபடி நிற்பவர்கள்
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
அந்த வாரம் ரைவிஸ் மட்டும்
ஊரே தன்னைப் பார்ப்பதுபோல நின்றான்.
வந்த டிராமில் ஏறவில்லை.
அடுத்ததிலும்.

பாடகர் குழுவை விட்டு அவன் போகவில்லை,
பின்வரிசைக்குப் போனான்.
வாய் திறந்தது, மூடியது,
வாளியில் போட்ட மீனைப்போல.
சத்தம் இல்லை.
இல்ஸே ஆசிரியை கையை வீசிக்கொண்டே
"அருமை, பின்வரிசை!" என்றார்.

மார்ச்சில் என் முறை.
முதலில் குளியலறையில்;
குழாயைத் திறந்துவிட்டு இருமிப் பார்த்தேன்,
சளிதான், சளிதான் என்று.
பிறகு ஒத்திகையில், எல்லோர் முன்னும்,
கழுதையும் துருப்பிடித்த கதவும் ஒன்றாகக் கத்தியது.
முன்வரிசையில் தார்தாவின் பின்னல் திரும்பியது.
என் கண் தேடியதோ
ரைவிஸின் கையை.
அது கோட்டுப் பையிலேயே இருந்தது.

அன்றிரவு கைபேசியைத்
தலையணைக்கடியில் வைத்துக் கிடந்தேன்.
அதிரவில்லை.
அதிர்ந்திருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும்,
தூங்கியிருப்பேன்.
ஒரு மணிக்கு எழுந்து
அந்தப் பதினோரு நொடியைத் தேடி அழித்தேன்.
உன்னிடமிருந்து மட்டும்தான் அழியும்
என்றது திரை.

செவ்வாய்க்கிழமை
பின்வரிசையில் அவன் பக்கத்தில் இடம் இருந்தது.
எப்போதும் இருந்திருக்கிறது.
இரண்டு வாய்கள் திறந்தன, மூடின.

இடைவேளையில்
மூன்று நாளாய் மென்று வைத்திருந்த சொல்லை
எடுத்தேன்.
அதுவும் உடைந்துதான் வந்தது.
'மன்' உத்தரத்தில்,
'னிப்பு' எங்கோ தரைக்கடியில்.

அவன் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.
மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"உனக்கு எந்த வரியில்?" என்றான்.
"மூன்றாவது."
"எனக்கு இரண்டாவது,"
என்றான்,
எனக்குத் தெரியாததுபோல.