கூட்டக் குறிப்பு

லா பாஸ் நகராட்சி, மூன்றாம் மாடி.
நகர உணவுக் கொள்கை வரைவு, பக்கம் நான்கு.
எழுதுவது என் வேலை,
பேசுவது அல்ல.

காலை பத்து மணிக்கு வைத்திருந்தார்கள்.
சந்தைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஆறு நாற்காலிகளில்
ஐந்தின் மேல் கோட்டுகள் கிடந்தன.
ஆறாவதில் எயுலோஹியா சோக்கே,
நகக்கண்ணில் மண்ணோடு.

"பயனாளிகள் என்று போட்டிருக்கிறீர்களே, யார் அது?"
நீங்கள்தான் அம்மா, என்றார் ஆலோசகர்.
அவள் சிரிக்கவில்லை.
"என் தராசில் ஏறித்தான்
இந்த ஊர் வயிற்றுக்குள் போகிறது கிழங்கு.
பயன் யாருக்கு?"

பிறகு அய்மாராவில் நீளமாக ஏதோ சொன்னாள்.
மொழிபெயர்ப்பாளர் சுருக்கினார்:
"நேரம் வசதிப்படவில்லையாம்."

எனக்கு அய்மாரா தெரியும்.
தெரியும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டு வந்தேன்,
இன்றைய வியாபாரம் அவளுடையது,
நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம்,
நான் உட்கார்ந்தால் நட்டம்.

ஒரு சொல் விடாமல் எழுதினேன்.
எழுதியதை எழுந்து நின்று வாசித்தேன்.
ஆலோசகர் பேனாவை மூடினார், திறந்தார்.

அடுத்த கூட்டம்: இரவு எட்டு மணி, சந்தைக்குள்.
ஆட்சேபம்: ஒன்று.
உட்கார மூட்டைதான் கிடைக்குமாம்.