நாலாவது ஆள்

தேகு நகரில் சனிக்கிழமை பதினொன்றரை மணிக் கல்யாணத்துக்கு
நாங்கள் நாலு பேர் வாடகைக்குப் போயிருந்தோம்.

ஏஜென்சியின் குறுஞ்செய்தி:
மணமகளின் கல்லூரித் தோழி. வயது முப்பத்து மூன்று.
வெள்ளை உடுத்தக் கூடாது.
பூங்கொத்தைப் பிடிக்க வேண்டியது ஓக்-ஜூ.
அழத் தெரிந்தால் பத்தாயிரம் வொன் கூடுதல்.

எனக்கு அழத் தெரியும்.
வயதுதான் முப்பத்தெட்டு.

மூன்றாம் மாடி. ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு ஜோடி.
முந்தைய ஜோடியின் ரிப்பனை அவிழ்த்து
அதே பூவளையத்தில் அடுத்த பெயரைக் கட்டுகிறான் ஒரு பையன்.
மேஜையில் மொய் உறை கொடுத்தேன், அவர்களே தந்த பணம்.
சாப்பாட்டு டோக்கன் கிடைத்தது.

மாப்பிள்ளையின் அத்தை
பெண் வீட்டு நாற்காலிகளை எண்ணிக்கொண்டே வந்து
என்னிடம் நின்றாள்.
உனக்கு இன்னும் ஆகலையா?
என் அம்மா இதையே இலவசமாகக் கேட்பாள்.
இங்கே கூலி உண்டு என்பதால்
வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

மணமகள் அறையில் படம் எடுத்து முடிந்ததும்
மற்ற மூவரும் சூப் ஆறுமுன் கிளம்பினார்கள்.
பியன் சொ-ரா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
கையுறைக்குள் விரல் ஈரம்.

உன்னை எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்.
இப்போது எழுந்து போனால் என்ன ஆகும்?

குறுஞ்செய்தியில் இதற்கு வசனம் இல்லை.

அவளே சொன்னாள்:
அப்பா மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.
வேலையில் இருக்கும்போதே நடந்தால்தான்
முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் எழுதிய மொய் திரும்பும்.
வீட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.
அவன் நல்லவன், அதிலொன்றும் குறையில்லை.
இருநூறு கிண்ணம் எலும்பு சூப்.
அப்புறம், நாலு பேர் என்ன...

அந்த நாலு பேர் நாங்கள்தான், என்றேன்.
மூன்று பேர் சாப்பிடப் போய்விட்டார்கள்.
எனக்கு இரண்டு மணிக்கு வேறு கல்யாணம் இருக்கிறது.

சிரித்தாள்.
தோள் குலுங்கி, மூச்சு முட்டி,
ஒட்டிய இமை ஒன்று கழன்று கன்னத்தில் விழும்வரை.
ஒப்பனைக்காரி பசையோடு ஓடிவந்தாள்.
கதவு திறந்தது. பியானோ.

நடந்தாள்.
விரும்பி நடந்தாளா, நடந்து பழகிய வேகமா,
பின்னாலிருந்து பார்த்தால்
நீண்ட துணிதான் தெரிந்தது.
நான் சரியான இடத்தில் அழுதேன்.
பாதிதான் கூலிக்கு.

குடும்பப் படம், உறவினர் படம், நண்பர்கள் படம்.
மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது நான்;
யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில்
என்றைக்கும் அவளுடைய உயிர்த்தோழி.

கடைசியில் பூங்கொத்து.
இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தோம்:
அவள் முதுகைக் காட்டி வீச வேண்டும்,
நான் ஓரடி தாவிப் பிடிக்க வேண்டும்,
ஆறு மாதத்தில் எனக்கும் ஆகுமென்று
அத்தைகள் கைதட்ட வேண்டும்.

மூன்றாம் எண்ணிக்கையில்
அவள் திரும்பி என்னைப் பார்த்து நின்று வீசினாள்.
நேராக வந்தது.
குழந்தைகூடப் பிடித்துவிடும்.
என் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன;
எப்போது போயின, தெரியாது.

கம்பளத்தில் வெள்ளைப் பூக்கள்.
எல்லாரும் ஐயோ என்ற அந்த நொடியில்
அவள் முகத்தைப் பார்த்தேன்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

பேருந்தில் ஏஜென்சிப் பெண் அழைத்தாள்.
பூங்கொத்தை ஏன் பிடிக்கவில்லை?

பிடிக்கவில்லை, என்றேன்.

இருபதாயிரம் வொன் பிடித்துக்கொண்டார்கள்.