படிவத்தின் இரண்டாம் பக்கம்

கதவு, எலுமிச்சை, ரயில்.
மூன்று சொல். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பேன்.
சென்னையில் மொழிபெயர்த்த படிவம்.

நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்க வேண்டும்.
துறைமுகக் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர்
எண்பத்தாறில் நின்றுவிட்டார்.
வெளியே கண்டக்டர் பொரளை பொரளை என்று கத்துகிறான்.

"இப்ப நாங்கள் எங்க இருக்கிறம், நிக்கலாஸ் ஐயா?"

கை சட்டைப்பைக்குப் போனது.
முதுகு நிமிர்ந்தது.
"கொட்டஹேன, மாத்தயா. கெதர யனவா."
வீட்டுக்குத்தான் போகிறாராம்.
பிறகு அடையாள அட்டை இலக்கம்,
ஒன்பதும் பிசகாமல், கடைசியில் வீ,
எல்லாம் சிங்களத்தில்.
என்னை, ஒரு பெண்ணை, மாத்தயா என்றார்.

இடம்: பிழை.
மொழி: அதற்குப் பெட்டி இல்லை.
கவனம்: இப்படி ஒரு கவனத்தை
இந்த வாரம் வேறெவரிடமும் நான் காணவில்லை.

ஒன்றுமில்லாத கையை நீட்டியபடியே இருந்தார்.
வாங்கினேன்.
முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன்,
அவர் முகத்தையும் ஒருமுறை.
திருப்பிக் கொடுத்தேன்.
பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

மகள் செருப்பை எடுத்து வைக்கும்போது,
கேட்டுப் பதினொரு நிமிடம் கழிந்தபின்,
"தேசிக்காய்" என்றார்.

எலுமிச்சை என்றிருந்த இடத்தில்
சரி போட்டேன்.