பாதையின் எடை

எங்கள் பக்கம் பாதை மிதக்கும்.
இரும்புத் தளம், இரு பக்கமும் கம்பி,
நாலு மோட்டார் சைக்கிள், ஒரு ஆட்டுக்குட்டி,
பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள்,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கு
வாவி கடக்கிற அதற்குப் பெயரே பாதைதான்.
இதை என் நிரலுக்கு எப்படிச் சொல்வது?
கார்த்திகை முழுக்க அதுதான் வேலை.

களுவாஞ்சிகுடியில், டயர்க்கடைக்கு மேலே,
வாடகை அறையில் ஒரு மின்விசிறியும் நானும்.
மருந்து கொண்டுபோகிறவர்களுக்கு வழி சொல்லும் செயலி.
முதல் பதிப்பு கண்ணிமைக்க முன் விடை சொன்னது.
எப்படியென்றால்
நீர்க்காகம் மாதிரி நேர்கோடு பிடிக்கும்;
இலக்குக்கு முதுகு காட்டும் தெருக்களை
எட்டியும் பாராது.
முதுகு காட்டித் தொடங்கும் தெருக்கள்தான்
படுவான்கரைக்குப் பாதி வழி.

பாதைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று எடை போட்டிருந்தேன்.
வெயில்நாள் ஒன்றில் நானே ஏறிப்போய் எண்ணியது.
வாடை வீசினால் எத்தனை?
ஆற்றுவாழை திரண்டு வந்து துறையை அடைத்தால்?
அக்கரையில் ஆள் சேரட்டும் என்று நின்றுவிட்டால்?

தவரூபன் அந்தப் பன்னிரண்டை நம்பிப் போய்
ஒரு மணித்தியாலம் துறையில் நின்றான்,
ஐஸ் பெட்டிக்குள் இன்சுலினோடு.
"அக்கா, உங்கட பாதை மற்றக் கரையில நிக்குது."
குரலில் கோபமே இருக்கவில்லை.
அதுதான் கூடச் சுட்டது.

அன்றிரவு எல்லாவற்றையும் சேர்த்தேன்:
மழை, காற்று, பட்டிருப்புப் பாலத்து நெரிசல்,
வெல்லாவெளித் தெருவில் வெள்ளம் கணுக்காலா முழங்காலா,
இருட்டினால் யானை.
ஒரு ஒழுங்கையையும் விடாதே, எல்லாம் பார் என்றேன்.
பார்த்தது.
பார்த்துக்கொண்டே இருந்தது.
பதினொரு செக்கன்.

பதினொரு செக்கன் என்ன பெரிதா என்பவர்கள்
பட்டிருப்புச் சந்தியில், மழைக்கோட்டுக்குள்,
பின்னால் கல்முனை பஸ் ஹோர்ன் அடிக்க,
வட்டம் சுற்றும் போனைப் பார்த்தபடி நின்று பாருங்கள்.
ஆறாவது செக்கனில் தவரூபன் திரும்பிவிட்டான்.
நான் கண்டுபிடித்த மிகச் சரியான வழி
அவன் இல்லாத சந்திக்கு
வந்து சேர்ந்தது.

மறுகா இரண்டுக்கும் நடுவில் ஒன்று எழுதினேன்.
அரைச் செக்கனில் ஒரு ஊகம்: இப்போதைக்கு இடது.
அவன் ஓடட்டும்; நான் எண்ணிக்கொண்டே வருகிறேன்;
பிழையென்றால் அடுத்த சந்திக்கு முன் சொல்லுகிறேன்.
'இப்போதைக்கு' வேண்டாம், நம்பிக்கை குறையும் என்றார்
கொழும்பிலிருந்து முதலாளி.
எடுக்கவில்லை. எழுத்தை மட்டும் சின்னதாக்கினேன்.

பாதை ஓட்டுகிற குகராசாவின் போனில்
ஒரு பொத்தான் போட்டுக் கொடுத்தேன்,
புறப்படுகையில் அமத்தச் சொல்லி.
மூன்று நாள் அமத்தினார்.
நாலாம் நாள் மழை; கை ஈரம்; போன் மடிக்குள்.
பாதையின் எடை இப்போது ஒரு எண்ணில் அடங்காது:
பன்னிரண்டிலிருந்து எழுபது வரை
என்று எழுதி வைத்திருக்கிறேன்.
என் நிரலிலேயே வெட்கங்கெட்ட வரி அது.
இன்றுவரை பொய்க்காத வரியும் அதுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம்
அவனுடைய நீலப்புள்ளி
குறுமண்வெளிக் கரை தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியது.
செயலி பதறியது.
நீங்கள் வழியில் இல்லை. திரும்புங்கள்.
அரைச் செக்கனுக்கு ஒரு புது வழி,
ஒவ்வொன்றும் கண்ணிமைக்க முன்,
ஒவ்வொன்றும் பிழை.

புள்ளி மட்டும் வாவி நடுவில்
ஆள் நடக்கிற வேகத்திலும் மெதுவாக
மண்டூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.
ஆட்டுக்குட்டியும் ஏறியிருக்குமோ தெரியாது.
இங்கிருந்தே குரலை நிறுத்தினேன்.
எந்த வரியைத் திருத்தவேண்டும் என்று தெரியும்.
நாளைக்கு.